வாளியில் போன துலிப்

ப்ரேசாண்ட், 8 மே 1978
(உன் சமையலறை மேசையில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில்)

அக்காவுக்கு,

பேத்தி பிறந்ததற்கு வாழ்த்து. தாயும் சேயும் நலம் என்று உன் மகள் ஃபெம்கே போனில் சொன்னதாக என் வீட்டுக்காரி ரென்ஸ்கே சொன்னாள். குழந்தைக்கு நம் அப்பாவின் காது வந்திருக்கிறதாமே. பாவம், முடி வளர்ந்தால் மறைந்துவிடும்.

நீ க்ரோனிங்கனுக்குக் கிளம்பும்போது சொன்னதை எல்லாம் செய்துவிட்டேன். தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பூனைக்கு மீன் வைத்தேன். பின்கதவு கிரீச்சிட்டது, எண்ணெய் போட்டேன்.

கொசுறாக இன்னொரு வேலையும் பார்த்தேன். உன் தோட்டத்தில், சமையலறைச் சுவர் ஓரமாக, நோயாளித் துலிப் ஒன்று நின்றது. மொட்டிலேயே வெள்ளைக் கோடு. இதழ் ஓரமெல்லாம் எலி கடித்துத் துப்பின மாதிரி. எனக்குச் சந்தேகமே வரவில்லை. கிழங்கோடு குத்தி எடுத்து என் வாளியில் போட்டுக்கொண்டேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் ஊதா வரிசைகள் மொட்டு விட்டிருக்கின்றன; அசுவினிப் பூச்சி ஒன்று உன் பூவைக் கடித்துவிட்டு என் பூவைக் கடித்தால் முடிந்தது கதை. வயலுக்குத் தரம் போடுகிற பரிசோதகர் வேறு வருகிற வாரம் வருகிறார்.

நன்றியெல்லாம் வேண்டாம். பக்கத்து வீட்டுத் தம்பி எதற்கு இருக்கிறான்.

யோரித்


ப்ரேசாண்ட், 13 மே 1978

யோரித்,

"தம்பி" என்று எழுதக் கை வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

பேத்தியைப் பார்த்துவிட்டு, பிள்ளை பிறந்த வீட்டில் கொடுக்கிற ரஸ்க்கும் சோம்பு மிட்டாயும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் வந்து இறங்கினேன். பையைக்கூட வைக்காமல் நேராகச் சுவர் ஓரம் போனேன். அங்கே ஒரு குழி. பக்கத்தில் உன் பூட்ஸ் தடம். உள்ளே வந்தால் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் நீ நன்றி வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறாய். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, வயிறு நிறைந்தது என்று சீட்டும் எழுதி வைத்த கதையை இப்போதுதான் பார்க்கிறேன்.

அது நோயாளி இல்லையடா. அது பிசிறுத் துலிப். என் சாதாரண ஊதாத் துலிப் கூட்டத்தில், போன வருஷம் தானாக ஒன்று மாறிப் பூத்தது. இதழ் ஓரம் முழுக்க வெள்ளைப் பிசிறு, துண்டின் குஞ்சம் மாதிரி. மறுவருஷமும் அப்படியே பூத்தால்தான் அது நிஜமான மாற்றம், இல்லாவிட்டால் ஒரு வருஷக் கூத்து. இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மறுவருஷத்துக்குத்தான் காத்திருந்தேன். மொட்டில் வெள்ளை தெரிந்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்த வெள்ளைதான் உனக்கு நோயாகத் தெரிந்திருக்கிறது.

நீ எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் உன் கை சும்மா இருக்காது. மாமா அடக்கத்தின்போது கல்லறைப் பூச்செண்டிலிருந்து ஒரு துலிப்பை உருவிக் கோட்டுப் பைக்குள் போட்டவன் நீ. அன்று சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இனி என்னோடு பேச வராதே. போன் செய்தாலும் எடுக்கமாட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் தபால்தலை ஒட்டி அனுப்பு.

ஆஃப்கே


ப்ரேசாண்ட், 16 மே 1978

அக்காவுக்கு,

வாய்க்காலைத் தாண்டிப் பலகையில் நடந்தால் உன் வீட்டுக்குப் பத்து எட்டு. அதற்குத் தபால்தலை ஒட்டச் சொல்கிறாய். ஒட்டிவிட்டேன். தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பதினாலு வயதிலிருந்து கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வரிசை நடக்கிறேன். வெயில் இலையில் படாமல் குடை நிழலில் பார்த்தால் நோய் தனியாகத் தெரியும் என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் உனக்கும் சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நல்ல செடியை நான் பிடுங்கியதாக எவனும் சொன்னதில்லை. பக்கத்து ஊர்க்காரன்கூட ஒரு செடியில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறான். ஆகவே நீ சொல்கிற பிசிறு இருந்திருக்கலாம், ஆனால் நான் பிடுங்கியது நோய்தான். இரண்டும் வெவ்வேறு செடியாக இருக்கும். நன்றாகத் தேடிப் பார்.

அப்படியே அது பிசிறுதான் என்றாலும், என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கம்பு நட்டு, கயிறு கட்டி, நானே காவல் காத்திருப்பேனே.

யோரித்

பி.கு: சும்மா கேட்கிறேன். ஊதா என்றால் எந்த ஊதா?


ப்ரேசாண்ட், 2 ஜூன் 1978

யோரித்,

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறாய். நில்லு.

கத்தரிக்காய் ஊதா. விளிம்பில் பால் வெள்ளைப் பிசிறு, உறைபனி விழுந்த காலையில் புல் நுனி நிற்குமே, அந்த மாதிரி. இப்போது தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னால் மறுநாளே அது உன் வயலில் இருந்திருக்கும். "சுவர் ஓரத்துல என்ன வளரும், நல்ல மணல்ல வைக்கலாம், எனக்குத்தான் மிஷின் இருக்கு" என்று நீ அள்ளிக்கொண்டு போயிருப்பாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து காபி குடிக்கும்போது "எங்க வயல்ல ஒரு பிசிறு வந்திருக்கு" என்று ஆரம்பித்திருப்பாய். உன் மேல் தப்பில்லை, உன்னை அப்படி வளர்த்துவிட்டார்கள். நிலம் முழுக்க உனக்கு வந்தது. எனக்கு வீடும், வீட்டைச் சுற்றி ஒரு துண்டும். அந்தத் துண்டில் முளைத்த ஒன்றாவது எனக்கே எனக்காக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

என் வீட்டுக் கூடத்து ஜன்னலுக்குத் திரை போட்டதைக் கவனித்திருப்பாய். நம் ஊரில் யாரும் திரை போடுவதில்லை. செத்த வீட்டில்தான் போடுவார்கள். பாதிரியார் பதறிப்போய் அனுதாபம் சொல்ல வந்துவிட்டார். "யார் போயிட்டாங்க, ஆஃப்கே?" என்றார். "ஒரு துலிப்" என்றேன். உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

இன்னொரு தகவல். என் கழிப்பறைச் சுவரில் தொங்குகிற பிறந்தநாள் நாட்காட்டியில் நவம்பர் பக்கத்திலிருந்து உன் பெயரை அடித்துவிட்டேன். பேனாவால்.

ஆஃப்கே


ப்ரேசாண்ட், 13 நவம்பர் 1978

அக்காவுக்கு,

முந்தாநாள் என் பிறந்தநாள். உன் நாட்காட்டி சொல்லியிருக்காது, அதனால் நான் சொல்கிறேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். ரென்ஸ்கே உன் நாற்காலியையும் போட்டுவிட்டாள். அதை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வட்டத்தில் ஒருவர் விடாமல் கை குலுக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் அந்த நாற்காலிக்கும் சேர்த்து வாழ்த்துச் சொல்லிக் கை குலுக்குகிற மாதிரி ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, அடுத்த ஆளுக்குப் போனார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாளியை நான் கொட்டியது கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற நோய்க் குவியலில். குவியலை எப்போதும் கறுப்பு பிளாஸ்டிக் போட்டு மூடி அழுக விடுவேன். உன் ஜூன் கடிதம் வந்த அன்று பிளாஸ்டிக்கை விலக்கிவிட்டு உள்ளே இறங்கினேன். உன் செடியைப் பிடுங்கிய அன்றைக்கே என் ஊதா வரிசையிலும் நோய் பிடுங்கி அதே வாளியில் போட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே கத்தரிக்காய் நிறம், பூ அழுகிப்போய் எது எது என்றே தெரியவில்லை. ஆகவே ஊதாவாகத் தெரிந்த அத்தனை கிழங்கையும் பொறுக்கி எடுத்துக் காய வைத்தேன். போன வாரம் பழைய பால் தொட்டிகளில் நட்டேன். மேலே கொசுவலை. அசுவினி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

யோசித்துப் பார். இந்த ஜில்லாவிலேயே நோயை ஒழிக்கிறவன் என்று பேர் எடுத்தவன், நோய்க் கிழங்கைப் பொறுக்கி எரு போட்டு வளர்க்கிறான். ஊர் வாயை மூட முடியுமா? கொட்டகைக்குப் பின்னால் "யோரித் ஆஸ்பத்திரி" என்று எவனோ சாக்பீஸில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். பார்வை நேரம்கூடப் போட்டிருக்கிறது.

நான் தப்புச் செய்தேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உறுதி செய்துகொள்கிறேன், அவ்வளவுதான்.

யோரித்


5 டிசம்பர் 1978
(பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் தாத்தாவின் பண்டிகை; வாசற்படியில், ஆஃப்கே பெயரின் முதல் எழுத்து வடிவச் சாக்லேட்டோடு)

வாய்க்கால் தாண்டி வசிக்கிறாள் ஒரு சீமாட்டி,
வாய் திறந்து பேசாமல், திரையை மாட்டி.
திரைக்குப் பின்னால் நின்று தினமும் எட்டிப் பார்ப்பாள்;
தின்னக் கொடுத்த சாக்லேட்டைத் திட்டிக்கொண்டே தீர்ப்பாள்.

இப்படிக்கு,
சின்டர்கிளாஸ்


ப்ரேசாண்ட், 7 டிசம்பர் 1978

சின்டர்கிளாஸ் அவர்களுக்கு,

தங்கள் கேலிப் பாட்டு கிடைத்தது. எழுதியவர் யார் என்று தெரியக்கூடாது என்பதுதான் இந்தப் பண்டிகையின் வழக்கம். தாங்களோ என் தம்பியின் கையெழுத்திலேயே எழுதுகிறீர்கள், அவன் வீட்டு மளிகைச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதுகிறீர்கள். முன்பக்கத்தில் "உருளைக்கிழங்கு, சோப்பு, மூட்டு வலித் தைலம்" என்று இருக்கிறது. தங்களுக்கு மூட்டு வலியா? வெள்ளைக் குதிரையில் ஏறிக் கூரை மேல் போகிறவருக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும்.

சாக்லேட்டைத் திட்டிக்கொண்டே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

திரைக்குப் பின்னால் நின்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. பூனை பார்க்கிறது. பூனை சொல்லித்தான் தெரியும், தம்பி தினமும் காலையில் எழுந்ததும் தன் வயலுக்குப் போகாமல் முதலில் அந்தப் பால் தொட்டிகளிடம்தான் போகிறானாம். குனியும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறானாம். வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள்.

ஆஃப்கே


ப்ரேசாண்ட், 17 பிப்ரவரி 1979

அக்காவுக்கு,

இந்த மாதிரிப் பனியை நான் பார்த்ததில்லை. கொட்டகைக் கதவு பாதி புதைந்துவிட்டது. தொட்டிகள் தரைக்கு மேல் இருப்பதால் கிழங்கு உறைந்து கூழாகிவிடும் என்று பயந்தேன். புயல் விட்ட காலையில் மண்வெட்டியோடு வழி வெட்டிக்கொண்டு பின்பக்கம் போனால், தொட்டிகள் எனக்கு முன்னாலேயே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அடியில் வைக்கோல், மேலே உன் நீலக் கம்பளி. அம்மா உன் கல்யாணத்துக்குப் பின்னிக்கொடுத்தது.

வாய்க்கால் பலகையில் இடுப்பளவு பனி. அதில் ஒரு ஆள் வந்துபோன தடம்.

நன்றி, அக்கா.

யோரித்


ப்ரேசாண்ட், 19 பிப்ரவரி 1979

யோரித்,

கம்பளியைக் கொடியில் போட்டிருந்தேன். காற்றில் பறந்திருக்கும். காற்று அடித்த திசைக்கு நான் பொறுப்பில்லை. வைக்கோலும் அப்படித்தான்.

துவைத்துத் தர வேண்டாம், சுருங்கிவிடும்.

ஆஃப்கே


ப்ரேசாண்ட், 12 மே 1979

அக்காவுக்கு,

தொட்டிகள் பூத்துவிட்டன. உன்னுடையது அவற்றில் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ வரிவரியாகப் படித்துவிட்டு ஏமாற வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். ரென்ஸ்கே சிரிப்பாள். நோய்ப் பூ விரிந்து நான் பார்த்ததே இல்லை. மொட்டில் கோடு தெரிந்த உடனே பிடுங்கிவிடுவேன், அது என் தொழில். இந்த வருஷம்தான் எதையும் தொடாமல் காத்திருந்தேன், உன்னுடையதும் உள்ளே இருக்குமோ என்று. ஒவ்வொன்றாக விரிந்தன. ஊதாவில் வெள்ளைத் தீ எரிகிற மாதிரி ஒன்று. இறகால் வரைந்த மாதிரி ஒன்று. ஒன்று போல இன்னொன்று இல்லை. வலைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமாக எதையெல்லாம் பார்க்காமலே வாளியில் போட்டிருக்கிறேன்.

பார்த்து முடித்துவிட்டு எல்லாவற்றையும் எரித்தேன். நோய் நோய்தான்.

பரிசோதகர் வந்து வலையைப் பார்த்தார். "யோரித், நீங்களா இது?" என்றார். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. மிச்சம் இருப்பதையும் வயல் பக்கத்திலிருந்து எடுக்காவிட்டால் என் ஊதா வரிசைக்கு முதல் தரம் கிடையாதாம். மிச்சம் இருப்பது மூன்று. பூக்காமல், ஒற்றை இலையோடு நிற்கின்றன. கிழங்கு சின்னது, அடுத்த வருஷம்தான் பூக்கும். உன்னுடையது இருந்தால் இந்த மூன்றில்தான் இருக்க வேண்டும். இலையைக் குடை நிழலில் வைத்துப் பத்து தடவை பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. இலையைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

உன் வீட்டுக்குத் தெருப் பக்கத்தில், என் வயலிலிருந்து தள்ளி, அவற்றுக்கு இடம் தருவாயா? வலையும் நானே தருகிறேன்.

யோரித்


ப்ரேசாண்ட், 14 மே 1979

தம்பி யோரித்துக்கு,

மூன்றும் வந்து சேர்ந்தன. ரென்ஸ்கே தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அண்ணி, உங்க ரெண்டு பேருக்கும் வயசுதான் ஏறுது. தபால்தலை வாங்கியே வீட்டுக் காசு கரையுது" என்றாள். நம் சண்டையில் இரண்டு வீட்டிலும் காபி குடித்துக் குடித்துத் தனக்குத் தூக்கம் போய்விட்டதாகவும் சொன்னாள்.

நீ நோய்ப் பூவைப் பற்றி எழுதியதை மூன்று தடவை படித்தேன்.

அதனால் நானும் ஒன்று சொல்கிறேன். அப்பா தான் உருவாக்கிய புதுத் துலிப்புகளுக்கெல்லாம் பெயர் வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா பெயரில் ஒன்று. நீ பிறந்தபோது உன் பெயரில் ஒன்று. பாதிரியார் பெயரில் ஒன்று. போல்லி பெயரில் ஒன்று, அது நம் குதிரை. அடுத்தது எனக்குத்தான் என்று ஒவ்வொரு வசந்தத்திலும் காத்திருப்பேன். கேட்கத்தான் வெட்கம். குதிரைக்குக்கூட ஒரு துலிப் இருந்தது யோரித், எனக்கு இல்லை. அறுபது வயதுக்கு மேல் ஆகியும் இது உறுத்துகிறது என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கு உறுத்துகிறது.

என் சுவர் ஓரத்தில் அந்தப் பிசிறு வந்தபோது, அதற்கு என் பெயரையே வைப்பது என்று முடிவு செய்தேன். வேறு யாரும் வைக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் அத்தனை கோபம்.

இப்போது அது பூத்தால் வேறு பெயர் வைக்கலாம் என்று இருக்கிறேன். "யோரித்தின் பிழை". எப்படி இருக்கிறது? ஊர் முழுக்கப் பரவி, பட்டியலில் ஏறி, உன் வயலிலேயே பலகை நட்டு வைக்க வேண்டிய நாள் வரட்டும்.

ஆஃப்கே


ப்ரேசாண்ட், 7 மே 1980
(அல்க்மார் ஆஸ்பத்திரிக்கு)

தம்பிக்கு,

எலும்பு விலகிய முதுகோடு மல்லாந்து படுத்திரு என்று டாக்டர் சொன்னால் படுத்திரு. "பூக்காலத்துல படுக்கச் சொல்றானே, இவன் டாக்டரா" என்று நீ கத்தியது வார்டு முழுக்கக் கேட்டது என்று ரென்ஸ்கே சொன்னாள். அவருக்கு என்ன தெரியும், அவர் தோட்டமே இல்லாத மாடி வீட்டில் இருக்கிறவர்.

உன் வீட்டுக்குப் போய் நீ சொல்லாததை எல்லாம் செய்துவிட்டேன். நாய்க்குச் சோறு வைத்தேன். முன்கதவு கிரீச்சிட்டது, எண்ணெய் போட்டேன்.

கொசுறாக இன்னொரு வேலையும் பார்த்தேன். உன் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு ஊதா வரிசை முழுக்க நடந்து நோய் பிடுங்கினேன். வேலையாட்கள் முதலில் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் அவர்கள் தாண்டிப் போன ஒன்றை நான் திரும்பி வந்து குத்தி எடுத்த பிறகு சிரிக்கவில்லை. பரிசோதகர் நேற்று வந்தார். முதல் தரம். "இந்த வருஷம் யார் நடந்தது?" என்று கேட்டார். "அவன் அக்கா" என்றேன். அப்பாவின் வயலில் நான் குடை பிடித்து நடந்தது சின்ன வயதுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

நன்றியெல்லாம் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா எதற்கு இருக்கிறாள்.

இப்போது நீ கேட்கத் துடிக்கிற விஷயம். மூன்றில் ஒன்று அழுகிவிட்டது. ஒன்று விரிந்தது, பழைய நோய்தான், எரித்துவிட்டேன். மூன்றாவது மொட்டாக நிற்கிறது. ஊதா. ஓரத்தில் வெள்ளை. நோயா பிசிறா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு நீ பிடுங்கியதை இன்றைக்கு நான் பார்த்திருந்தால் நானும் பிடுங்கியிருப்பேன் போலிருக்கிறது. இதை யாரிடமும் சொல்லாதே.

ஆஃப்கே


அல்க்மார், 9 மே 1980

அக்காவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து மேலேயும் கீழேயும் போகும்.

முதல் தரம் என்று படித்ததும் பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிச் சொன்னேன். அவர் மீன் பிடிக்கிறவர், ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் கை குலுக்கினார். அடுத்த வருஷமும் நீயே நட. நான் குடை பிடிக்கிறேன்.

மொட்டு விரிந்து அது பிசிறுதான் என்று தெரிந்தால், எனக்காகக் காத்திருக்காதே. நான் வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். பூவை விட்டு வைத்தால் பலமெல்லாம் விதைக்குப் போய்விடும், கிழங்கு சிறுத்துவிடும். இருப்பதோ ஒரே ஒரு கிழங்கு. விரிந்த மறுநாளே தலையைக் கிள்ளிவிடு. நம் வயலில் எத்தனை லட்சம் தலை கிள்ளியிருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு கிள்ளு.

எனக்கு அதைப் பார்க்க வேண்டும். ரொம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழங்கு முக்கியம்.

யோரித்


ப்ரேசாண்ட், 12 மே 1980
(ரென்ஸ்கே கையில் கொடுத்தது)

தம்பிக்கு,

கிள்ளிவிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டுதான்.

கிள்ளிய தலையை வாய்க்காலில் போடுவதுதானே வழக்கம். மனசு வரவில்லை. அவித்த முட்டை வைக்கிற கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதை வைத்து, ரென்ஸ்கே மடியில் கொடுத்து பஸ் ஏற்றினேன். வழியெல்லாம் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள்.

நன்றாகப் பார். நீ வாளியில் போட்டது இதைத்தான்.

ஆஃப்கே


அல்க்மார், 13 மே 1980

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தது. பாதித் தண்ணீர் ரென்ஸ்கேயின் பாவாடையில், பூ பத்திரம்.

கட்டில் பக்கத்து மேசையில் வைத்தார்கள். திரும்பிப் படுக்கக்கூடாது என்பதால் நர்ஸ் என் சவரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள், அதில் பார்க்கிறேன். வார்டில் சூடு அதிகம், சாயங்காலத்துக்குள் வாயைத் திறந்துவிட்டது. நீ எழுதியது சரி. உறைபனி விழுந்த புல் நுனிதான். ஒவ்வொரு பிசிறும் தனித்தனியாக நிற்கிறது. மீன்காரர் தன் சட்டைத் துணியை ஓரம் கிழித்து, "இது மாதிரியா?" என்றார். நர்ஸ் மற்ற வார்டிலிருந்தெல்லாம் ஆட்களைக் கூட்டி வருகிறாள். எல்லோரும் கேட்கிறார்கள், "இதுக்கு என்ன பேரு?"

நோய் இல்லை அக்கா. நான் பிடுங்கியது நோயே இல்லை. பதினாலு வயதிலிருந்து நான் செய்த ஒரே பிழை இது. இந்தப் பிழையை வேறு யார் செடியில் செய்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பெயரை நான் யோசித்துவிட்டேன். மீன்காரரிடம் பேனாக்கத்தி வாங்கி, ரென்ஸ்கே கொண்டுவந்த மரத்துண்டில் படுத்தபடியே செதுக்கினேன். இரண்டு பக்கமும் செதுக்கியிருக்கிறேன். ஒரு பக்கம் "ஆஃப்கே". இது அப்பா செய்ய வேண்டியது. ஐம்பது வருஷம் தாமதம், மன்னித்துவிடு. மறுபக்கம் "யோரித்தின் பிழை", நீ கேட்டபடி. எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் நட்டுக்கொள். கிழங்கு உன் தோட்டத்திலேயே இருக்கட்டும். எனக்கு மிஷின் இருக்கிறது என்று ஒரு நாளும் சொல்லமாட்டேன்.

யோரித்


ப்ரேசாண்ட், 30 மே 1980
(உன் சமையலறை மேசையில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில்)

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இதைத்தான் முதலில் பார்ப்பாய் என்று வைக்கிறேன். இனி நமக்குள் தபால்தலை வேண்டாம்.

பலகையை நட்டுவிட்டேன். தெருவைப் பார்த்த பக்கம் "ஆஃப்கே". சைக்கிளில் போகிறவர்கள் எல்லோரும் நிறுத்திப் படித்துவிட்டுப் போகிறார்கள். பாதிரியார் தொப்பியைக் கழற்றினார். நான் ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் படிப்பதைப் பார்க்கிறேன். திரையைக் கழற்றித் துவைத்து அலமாரியில் வைத்துவிட்டேன், யாராவது நிஜமாகவே செத்தால் பயன்படும்.

கழிப்பறை நாட்காட்டியில் பேனாவால் அடித்ததை அழிக்க முடியவில்லை. அதனால் நவம்பர் பதினொன்றுக்குக் கீழே உன் பெயரைப் புதிதாக எழுதினேன், முன்பைவிடப் பெரிதாக.

இப்போது உன் சமையலறை ஜன்னல் வழியாக என் தோட்டத்தைப் பார். பலகையின் மறுபக்கம் உன்னைப் பார்த்துத்தான் நிற்கிறது. தினமும் காபி குடிக்கும்போது படி.

படித்து முடித்ததும் வாய்க்கால் பலகை வழியாக இந்தப் பக்கம் வா. காபி போட்டு வைத்திருக்கிறேன். வாளியை மட்டும் அந்தப் பக்கமே வைத்துவிட்டு வா.

அக்கா